உயரத்தின் ஆசையும் தாழ்ந்த வானமும்: ட்ரோன் பறக்கவிடத் தொடங்கும் இளம் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்தோ, பொங்கல் போனஸைச் செலவழிக்காமல் வைத்திருந்தோ, கேமரா ட்ரோன் ஒன்றை ஆசையோடு வாங்கி, பெட்டியைப் பிரித்த கையோடு அதை எங்கே கொண்டுபோய்ப் பறக்கவிடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன். கல்யாண மண்டபங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் கூலிக்குப் படமெடுப்பவர்களுக்கு வேறு விதிகளும் வேறு நிர்ப்பந்தங்களும் உண்டு. அவர்களை நான் இங்கே விளிக்கவில்லை. ஆதாயம் கருதாமல், பார்ப்பதிலுள்ள ஆனந்தம் ஒன்றுக்காகவே இந்தக் காரியத்தில் பிரவேசிக்கும் உங்களிடம் எனக்குத் தனிப்பட்ட வாஞ்சை உண்டு. அந்த வாஞ்சை தந்த உரிமையில், நீங்கள் முதல்முறை மோட்டாரைச் சுழலவிடுவதற்கு முன்பே சில விஷயங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சொல்ல வேண்டியவை பலவாயினும் அவற்றுக்கெல்லாம் மூலமானது ஒன்றே. இந்தச் சாதனத்தைக் கையிலெடுத்த எவருக்கும் முதலில் உண்டாகும் ஆசை உயரத்தைப் பற்றியது: எவ்வளவு மேலே போகும், எவ்வளவு தூரம் போகும், போன இடத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியுமா என்பவையே கடைக்காரரிடம் நாம் கேட்கும் கேள்விகள். மண்ணிலேயே நடந்து பழகிய மனிதனுக்கு அந்த ஆசை இயற்கையானதுதான். ஆயினும், புதிதாகப் பழகுகிறவர்களின் ட்ரோன்கள் விழுந்து நொறுங்குவதற்கும், சட்டத்தோடு அவர்களுக்குப் பிணக்கு நேர்வதற்கும், அக்கம்பக்கத்தார் மனம் நோவதற்கும், இவ்வளவு பிரயத்தனத்துக்குப் பிறகும் கையில் கிடைத்த படம் சப்பென்று இருப்பதற்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது இந்த உயரத்தின் மோகமே என்பது என் திடமான அபிப்பிராயம். பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவருக்கு உரியது தாழ்ந்த வானம். தென்னையின் உச்சிக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள்ளே, சொந்த நிலத்தின் மீதோ அனுமதி பெற்ற நிலத்தின் மீதோ விரிந்திருக்கும் முப்பது நாற்பது மீட்டர் ஆகாயமே அவருக்குப் போதுமான பள்ளிக்கூடம்.

வானிலிருந்து பூமியைப் படம்பிடிக்க வேண்டும் என்ற வேட்கை ட்ரோனோடு பிறந்ததன்று. நாதார் என்ற புனைபெயரால் புகழ்பெற்ற பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே பலூனில் ஏறி, பலூனிலிருந்து கசிந்த வாயு தம் ரசாயனத் தகடுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தபோதிலும் தளராமல் முயன்று, உலகின் முதல் வான்வழிப் படத்தை எடுத்தார். அதே நாட்டில் ஆர்தூர் பாத்தூ என்பவர் 1888-இல் பட்டத்தில் கேமராவைக் கட்டி, மெல்ல எரியும் திரி ஒன்றைக் கொண்டு அதன் கதவைத் திறந்து மூடச் செய்து படமெடுத்தார். ஜெர்மனியில் யூலியுஸ் நொய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர், புறாவின் மார்பில் மாட்டக்கூடிய சிறு கேமராவையே செய்துவிட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கருவியைத் தம் கையாலேயே பொருத்திப் பழுதுபார்த்தவர்களாதலால், அது எந்தச் சந்தர்ப்பத்தில் காலை வாரிவிடும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். நமக்கோ எல்லாம் ஆயத்தமாகப் பெட்டிக்குள் வந்து சேர்கிறது. பொத்தானை அழுத்தினால் எழும்புகிறது, விரலை எடுத்தால் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. அவர்களுக்குத் தானாக வாய்த்த அறிவை நாம் முயன்று சம்பாதித்துக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஆகையால், அந்த அசையா நிலை எப்படிச் சாத்தியமாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ட்ரோனின் நான்கு மோட்டார்களில் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு ஒரு திசையிலும், மற்ற இரண்டு அதற்கு மாறான திசையிலும் சுழல்வதால்தான் உடல் தானே சுற்றாமல் நிலைபெறுகிறது. ஒரு ஜோடியின் வேகத்தைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்தால் அது இருந்த இடத்திலேயே முகம் திருப்புகிறது. இந்தக் காரணத்தாலேயே ப்ரொப்பெல்லர்களில் இரண்டு வகை உண்டு. அவற்றின் மீதுள்ள அடையாளத்தைப் பாராமல் இடம் மாற்றிப் பூட்டினால், கிளம்பும்போதே ட்ரோன் குப்புற விழும். இனி, இருந்த இடத்தில் நிற்பதற்கு அது நான்கு உதவிகளை நம்பியிருக்கிறது: தான் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையாலும், எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைக் காந்தத் திசைகாட்டியாலும், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காற்றழுத்தத்தாலும், தரைக்கு அருகில் வரும்போது வயிற்றுப்புறத்திலுள்ள சிறு கேமராவாலும் அது உணர்கிறது.

இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு; நம் ஊர்ப் பழக்கவழக்கங்கள் அந்தப் பலவீனங்களையே தேடிப்போய்த் தொடுகின்றன. புதிதாக வாங்கியவர் முதலில் பறக்கவிடும் இடம் பெரும்பாலும் வீட்டு மொட்டை மாடியாகவே இருக்கிறது. ஆனால் கான்கிரீட் தளத்துக்குள் பின்னிக் கிடக்கும் இரும்புக் கம்பிகள் காந்தத் திசைகாட்டியைக் குழப்பக்கூடியவை. குழம்பிய திசைகாட்டியோடு எழும்பிய ட்ரோன் வட்டமிட்டுக்கொண்டே விலகிச் சென்று பக்கத்து வீட்டுச் சுவரில் மோதுவது நடக்கக்கூடிய காரியம். செயற்கைக்கோள்கள் போதிய எண்ணிக்கையில் அகப்பட்டு, புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டது என்று திரை சொல்லும்வரை பொறுமையில்லாமல் கிளப்பிவிட்டால், அபாய காலத்தில் தானே திரும்பிவர வேண்டிய கருவிக்குத் திரும்ப வேண்டிய வீடு எது என்பதே தெரியாமற்போகும். குளத்து நீரின் மீது மிகத் தாழ்வாகப் பறக்கவிட்டால், அசையும் அலைகளையும் நீரில் தெரியும் வானத்தையும் தரை என்று நம்பி வயிற்றுக் கேமரா ஏமாறுகிறது. காற்றழுத்தம் காட்டும் உயரமோ புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவதேயன்றி அப்போது கீழே உள்ள நிலத்திலிருந்து கணக்கிடப்படுவதன்று; ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ மலைச்சரிவை நோக்கிச் செலுத்துகிறவர், திரையில் ஐம்பது மீட்டர் என்று காணும் அதே வேளையில் அவருடைய ட்ரோன் மரக்கிளைக்குள் புகுந்துகொண்டிருக்கலாம்.

பழகுவதற்கு உகந்த இடம் அறுவடை முடிந்து காய்ந்த வயலோ, விடுமுறை நாளில் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்ற பள்ளி மைதானமோ ஆகும். மின்கம்பி இல்லாத இடமாக அது இருக்க வேண்டும் என்பதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பம்புசெட்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி திரையில் தெரியாது. முன்னால் உள்ள தடையைக் கண்டு நிற்கும் சென்சார் உள்ள ட்ரோன்களும் அந்தக் கம்பியைக் காணத் தவறுவதுண்டு. ஆகையால் கம்பத்தைத்தான் கண்ணால் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்; கம்பம் இருந்தால் கம்பி இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையைச் சற்று நிதானமாகவே விவரிக்கிறேன். ட்ரோனைச் சமதளத்தில் ஒரு பலகையின் மீதோ விரிப்பின் மீதோ வையுங்கள்; வைக்கோல் தூசியும் மணலும் மோட்டாருக்குள் போகலாகாது. கேமராவைத் தாங்கும் கிம்பலின் மேலுள்ள காப்பு மூடியைக் கழற்றுங்கள். அதைக் கழற்ற மறந்து இயக்கினால் கிம்பலின் நுண்ணிய மோட்டார் திணறிப் பழுதாகும். ஒவ்வொரு ப்ரொப்பெல்லரையும் இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, அதன் ஓரத்தை அடியிலிருந்து நுனிவரை நகத்தால் தடவிப் பாருங்கள்; கண்ணுக்குப் புலப்படாத கீறலும் நகத்துக்குத் தட்டுப்படும். கீறல் உள்ளதைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். அதன் விலை அற்பம், அது ஒடிந்தால் போவதோ முழுக் கருவி. பேட்டரி தன் இடத்தில் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டதா என்று அழுத்திப் பாருங்கள். பிறகு ஆள் உயரத்துக்கு எழுப்பி, அரை நிமிஷம் அங்கேயே நிறுத்தி, அது ஒரு பக்கமாக நகர்கிறதா, மோட்டாரின் ஓசை நான்கு மூலையிலும் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று கவனியுங்கள். சிரத்தையோடு செய்தாலும் இதற்கெல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

அப்பியாசத்தை ஒழுங்கான வரிசையில் செய்யுங்கள். பொதுவாக ரிமோட்டின் இடது குச்சி ஏற்ற இறக்கத்தையும் முகத் திருப்பத்தையும், வலது குச்சி முன்பின் இடவல நகர்ச்சியையும் ஆள்கின்றன. ட்ரோனின் பின்புறம் உங்களை நோக்கியிருக்கும்வரை எல்லாம் சுலபமாகவே தோன்றும். அதன் முகம் உங்களை நோக்கித் திரும்பிய கணத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடுகின்றன. புதியவர்களின் விபத்துகளில் பல இந்தத் தடுமாற்றத்தில்தான் விளைகின்றன. ஆதலால் முதலில் சதுரமாகவும், அப்புறம் வட்டமாகவும், இறுதியில் எட்டு என்ற எண்ணின் வடிவிலும், பத்து மீட்டருக்கு மேற்படாமல், திரையைப் பாராமல் ட்ரோனையே பார்த்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். சைக்கிள் பழகுகிறவன் பெடலைக் குனிந்து பார்ப்பதை எப்போது நிறுத்துகிறானோ அப்போதே அவனுக்குச் சைக்கிள் வசமாகிறது. அதுபோலக் குச்சிகளின் நினைவு உங்கள் மனத்தை விட்டு விரல்களுக்கு இறங்கும்வரை கேமராவைத் தொடாமலிருப்பது உத்தமம்.

காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. தரையில் நிற்கும் உங்கள் முகத்தில் இதமாகப் படும் அதே காற்று, மரங்களும் வீடுகளும் தடுக்காத நூறு மீட்டர் உயரத்தில் பன்மடங்கு உரம்பெற்று வீசக்கூடும். 249 கிராம் எடையுள்ள ஒரு சிறு ட்ரோனுக்கு அது சாமானிய விரோதியன்று. அம்மியையும் பறக்கவிடும் என்று நம் முன்னோர் சொன்ன ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை, உடுமலை வட்டாரத்திலும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தலிலும் எத்தகைய வேகத்தில் புகுந்து வருகிறது என்பதற்கு அங்கே வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்தப் பருவத்தில் அந்தப் பிரதேசங்களில் பகல்வேளையில் பறக்கவிடாதிருப்பதே விவேகம். மற்ற நாட்களிலும், புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது காற்றோடு வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். போகும்போது காற்று கொண்டுபோய்ச் சேர்த்த தூரத்தை, பேட்டரி தளர்ந்த பிறகு அதே காற்றை எதிர்த்துக் கடப்பது பல சமயங்களில் இயலாமற்போகிறது. சுற்றுப்புறத்தில் மிக உயர்ந்த மரமோ செல்போன் கோபுரமோ எவ்வளவு உயரமோ, அதற்கு மேலாகத் ‘திரும்பி வரும் உயர’த்தை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள், இல்லையேல் சமிக்ஞை அறுந்தபோது அது நேர்கோட்டில் திரும்பிவந்து முட்டிக்கொள்ளும்.

பேட்டரி விஷயத்தில் ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். ஏனெனில் அது லித்தியம் ரசாயனத்தால் ஆனது, அடிபட்டாலும் மிகையாகச் சூடேறினாலும் தீப்பற்றும் சுபாவமுடையது. முப்பது நிமிஷம் பறக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், நீங்கள் இருபது நிமிஷத்துக்கே திட்டமிடுங்கள். முப்பது சதவீதம் மிச்சமிருக்கும்போதே இறக்கிவிடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். பல நாள் உபயோகிக்கப் போவதில்லையென்றால் முழுதாக நிரப்பியோ முற்றிலும் காலியாக்கியோ வைக்காமல் பாதிக்குச் சற்று மேல் இருக்கும்படி வையுங்கள். உப்பிப்போன பேட்டரி எத்தனை புதியதாயினும் அதன் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும்.

இனிச் சட்டம். 2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதி வெளியான ட்ரோன் விதிகள் இந்த நாட்டில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவருக்குப் பெரிதும் அனுகூலமானவை. 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ளவை மைக்ரோ என்றும் அவை வகுக்கின்றன. நானோ வகையைச் செலுத்துகிறவருக்கும், வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையைச் செலுத்துகிறவருக்கும் பைலட் சான்றிதழ் அவசியமில்லை. ட்ரோனை அரசிடம் பதிவுசெய்து தனி அடையாள எண் பெறுவதற்கு விதிகள் விதித்த கட்டணம் 100 ரூபாய்தான். விதிகளை மீறினால் அபராதமோ 1 லட்சம் ரூபாய் வரை. 249 கிராம் ட்ரோனுக்கு ப்ரொப்பெல்லர் காப்பு வளையம் ஒன்றை மாட்டினாலே அது நானோ எல்லையைக் கடந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கும்போது பில் இல்லாமல் வாங்காதீர்கள். முழுமையாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதை, ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில காரியங்களுக்கன்றி, மத்திய அரசு 2022 பிப்ரவரி 9 முதல் தடைசெய்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வதும், பர்மா பஜார் விலையைக் கேட்டு மயங்குவதும் பின்னால் பதிவு செய்ய வழியின்றி நிற்பதில் கொண்டுபோய் விடும்.

வானத்தை அந்த விதிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் வரை, முன்அனுமதி வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்தில் இந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். 120 மீட்டர் என்பது எவ்வளவு என்று மனக்கண்ணால் காண விரும்பினால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; 1987-இல் நிறைவுபெற்ற அந்த மகத்தான கோபுரமே 236 அடிதான். அதையும் விடப் பாதிக்கு மேல் உயர்ந்த ஆகாயத்தைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும்போது, அதற்கும் அப்பால் ஆசைப்படுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நம் மாநிலத்தில் படமெடுக்க மனம் துடிக்கும் இடங்களில் சில, பாதுகாப்பு நிலையங்களுக்கு அண்மையில் அமைந்துவிட்டன. தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த நகரத்திலேயே விமானப்படைத் தளமும் இருக்கிறது. பாம்பன் பாலத்தைத் தேடிச் செல்லும் வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. படைத் தளங்கள் உள்ள தாம்பரம், சூலூர், அரக்கோணம் ஆகிய ஊர்களின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. முக்கியஸ்தர் வருகையின்போது காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் இடமுண்டு. ஆதலால் நேற்றுப் பார்த்த வரைபடத்தை இன்று நம்பாமல், ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சட்டத்தைக் காட்டிலும் பெரியது ஒன்று உண்டு. அது அயலாரின் நிம்மதி. ‘தாழ்வாகப் பறக்கவிடு என்கிறாயே, தாழ்வாகப் பறந்தால்தானே வீட்டு முற்றம் தெரியும்?’ என்று நீங்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. தாழ்வாக என்று நான் சொன்னது அனுமதி உள்ள நிலத்துக்கு மேல் தாழ்வாக என்ற பொருளில்தான். பெண்கள் குளிக்கும் படித்துறையும், மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும் தாயாரும், கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் கண்ணயர்ந்திருக்கும் முதியவரும் உங்கள் காட்சிப்பொருளாகச் சம்மதித்தவர்களல்லர். பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதீய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் குற்றம் என்பதால் மட்டும் அதைச் செய்யாதிருப்பது நாகரிகத்தின் கடைசிப் படியே. தலைக்கு மேல் ரீங்கரிக்கும் ஒரு பொருள் தன்னைப் பார்க்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளும்படி நேர்ந்தாலே, நீங்கள் படமெடுக்காதிருந்தபோதிலும், அவருக்கு ஒரு தீங்கு இழைத்தவராகிறீர்கள். கிளப்புவதற்கு முன் அருகிலுள்ள வீடுகளுக்குச் சென்று இன்னார் மகன், இன்ன காரியம் செய்கிறேன் என்று சொல்லுங்கள்; திரையை அவர்களுக்கும் காட்டுங்கள். சந்தேகத்தோடு வாசலில் நின்றவர்கள் சிநேகிதர்களாவதை நீங்களே காண்பீர்கள்.

திருவிழாக் கூட்டத்தின் மீது பறக்கவிடாதீர்கள். விழும் பொருளின் எடை சொற்பமாயினும், சுழலும் ப்ரொப்பெல்லரும் மேலிருந்து விழும் வேகமும் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதுமானவை. பட்சிகளுக்கும் வானத்தில் பாத்தியதை உண்டு. உண்மையில் நமக்கு முந்திய பாத்தியதை அவற்றினுடையதே. பருந்து தன் எல்லைக்குள் புகுந்த ட்ரோனை விரோதியாகக் கருதிப் பாய்வதுண்டு. அது வட்டமிட ஆரம்பித்த உடனேயே விலகி இறக்கிவிடுங்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற சரணாலயங்களின் அருகே, கூடு கட்டி முட்டையைக் காத்திருக்கும் பறவைகளை ஒரு படத்துக்காக எழுப்பிக் கலைப்பது எந்தக் கலையாலும் ஈடுசெய்ய முடியாத பாவம்.

படத்தின் அழகைப் பற்றியும் பேச வேண்டும். இவ்வளவு சிரமமும் அதற்காகத்தானே! காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நடவு நடக்கும் ஒரு காலை வேளையை எண்ணிப் பாருங்கள். 120 மீட்டரிலிருந்து பார்த்தால் பச்சைச் சதுரங்களும் பழுப்புச் சதுரங்களுமாக ஒரு தரைவிரிப்புத் தெரியும். பத்து விநாடி பார்த்த பிறகு கண் சலித்துவிடும். முப்பது மீட்டருக்கு இறங்கி வந்தால், சேற்றில் இடைவெளி விட்டு வீசியெறியப்பட்ட நாற்று முடிச்சுகள் தெரிகின்றன. குனிந்து நடுகிற பெண்களின் வரிசை தெரிகிறது. அவர்கள் நட்டுக் கடந்த பகுதியில் பச்சைப் புள்ளிகள் ஒழுங்காக நிற்பதும், நடாத பகுதியில் கலங்கிய நீரில் மேகம் அசைவதும் தெரிகின்றன. வரப்பில் வைத்த தூக்குச்சட்டியும் அதன் நிழலும்கூடத் தெரிகின்றன. முந்தியது வரைபடம், பிந்தியதே படம். அந்தப் பெண்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு எடுப்பதும், எடுத்த பின் அவர்களுக்குக் காட்டுவதும் அந்தப் படத்தின் அழகில் சேர்ந்தவையே.

சூரியன் தாழ்ந்திருக்கும் காலையையும் மாலையையும் தேர்ந்துகொள்ளுங்கள். உச்சிவெயிலில் நிழல்கள் காலடியில் ஒடுங்கி, நிலம் மேடுபள்ளமின்றித் தட்டையாகத் தோன்றும். சாய்ந்த ஒளியிலோ ஒரு சாண் வரப்பும் நீண்ட நிழலை எறிந்து தன்னை அறிவிக்கிறது. இங்கிலாந்தில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு என்ற தொல்லியல் அறிஞர், நடந்து போகிறவன் கண்ணுக்குத் தட்டுப்படாத பண்டைய வயல்களையும் குடியிருப்புகளையும், அந்தச் சாய்ந்த நிழல்களையும் பயிரின் நிறபேதங்களையும் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் படித்தே கண்டறிந்து, அலெக்சாண்டர் கெய்லருடன் சேர்ந்து 1928-இல் நூலாக வெளியிட்டார். அசையும் படமாயின், விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும். அதற்கு மிஞ்சிய வெளிச்சத்தை என்.டி. ஃபில்டர் கொண்டு தணித்துக்கொள்ளுங்கள். அலைபாயாமல் ஒரே திசையில் மெதுவாக நகருங்கள். இதற்கு மேல் கற்பிக்க வேண்டியதில்லை. மற்றவை உங்கள் ரசனையைப் பொறுத்தவை.

முடிவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எந்த ஊரினராயினும் உங்கள் வீட்டுக்கு அருகில் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். அது பச்சை மண்டலத்தில் இருக்குமாயின், பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டு, கரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே உயரத்துக்கு எழுப்பி, அதே திசையை நோக்கி ஒரு படம் எடுங்கள். வைகாசியில் வெடித்துக் கிடக்கும் தரையும், ஐப்பசி மழையில் வரத்துக்கால்வாய் வழியே முதல் நீர் நுழையும் விதமும், கார்த்திகையில் கலிங்கு வழிவதும், தையில் மதகு திறந்த பின் நீர் பின்வாங்குவதும், சீமைக்கருவேலம் ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதும், வரத்துக்கால்வாயில் எந்த இடத்தில் யார் மண் கொட்டி அடைத்திருக்கிறார்கள் என்பதும் பன்னிரண்டு படங்களில் வரிசையாக விளங்கிவிடும். கரையில் நிற்கும் பெரியவர்களுக்கு இவையெல்லாம் தெரியாதவையல்ல. ஆனால் அவர்கள் வாய்ச்சொல்லுக்குச் சாட்சியாக ஒரு படம் இதுவரை இருந்ததில்லை. ஆகஸ்ட் 15-ஆம் தேதியோ அக்டோபர் 2-ஆம் தேதியோ கூடும் கிராம சபையில் அந்தப் படங்களை விரித்து வைத்து, ‘ஐயா, நம் ஏரிக்கு நீர் வராததற்குக் காரணம் இந்த இடத்தில் இருக்கிறது’ என்று உங்களில் ஒருவர் விரல் வைத்துக் காட்டுவாராயின், அதைக் கண்ட ஊரார் மறுநாள் மண்வெட்டியோடு அந்த இடத்துக்குப் போவார்களாயின், நீங்கள் மிச்சம்பிடித்து வாங்கிய இந்தச் சிறு யந்திரம் தன் விலைக்குப் பன்மடங்கு பயனை ஊருக்குத் தந்ததாகும். அதற்கு வேண்டிய உயரம் நாற்பது மீட்டருக்கு மேல் இல்லை.

உங்கள் முயற்சி அபாயமின்றியும் அயலார்க்கு இடையூறின்றியும் வளர வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒரு மூத்த ஆர்வலன்